எல்லோரும் பச்சை

மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். வாருங்கள், வாழ்த்துகள். நல்ல வார்த்தைகள் இதோடு முடிந்தன. மிச்சமெல்லாம் கோபம்தான். ஓய்வு பெற்ற பிறகும் தணியாத கோபம்.

திண்டுக்கல் பக்கம், தாடிக்கொம்பைத் தாண்டிய சமவெளியில் ஒரு நூற்பாலையில் பணியாளர் அலுவலராக இருந்தேன். மில்லின் பெயர் வேண்டாம். எதற்கும் நாள், கிழமை குறித்து வைப்பது என் பழக்கம். அந்த மில்லில் எந்தப் பிரிவு எப்போது வந்தது, எந்த இயந்திரம் எப்போது கழற்றி விற்கப்பட்டது என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையில் மட்டும் என்னை நீங்கள் நம்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கொரோனா அடங்கி, மில்லில் மூன்று ஷிஃப்டும் மறுபடி ஓடத் தொடங்கிய ஆண்டு. ஆவணியில் புதிய பிரிவு ஒன்றைத் திறக்க வேண்டும். அதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஒரு நல்ல அணியை அமைத்துத் தருவதற்காக ஆடி பிறந்ததுமே சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். கை நிறைய டேப்லெட்டுகள். ஒவ்வொருவரும் அதில் வரும் கேள்விகளுக்கு விரலால் அமுக்கிப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அது ஒரு நிறத்தைக் காட்டும். சிவப்பு என்றால் அதிகாரம் செலுத்துபவர். மஞ்சள் என்றால் கலகலப்பானவர். நீலம் என்றால் எதையும் அளந்து பார்ப்பவர். பச்சை என்றால் எல்லோரோடும் இணங்கிப் போகிறவர்.

எந்த நிறமும் உயர்ந்ததில்லை, எந்த நிறமும் தாழ்ந்ததில்லை என்று ஆலோசகர் முதல் நாள் மேடையில் சொன்னார். மறுவாரமே அடையாள அட்டையின் நாடாவை அவரவர் நிறத்துக்கு மாற்றச் சொன்னார். நிறத்தைக் கழுத்தில் மாட்டிய பிறகு உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்வதைப் போல ஓர் அயோக்கியத்தனம் கிடையாது. அன்றைக்கே கூட்டத்தில் இதைச் சொன்னேன், இவ்வளவு கடுமையான சொல்லில் இல்லாவிட்டாலும்.

அதற்குள் முடிவுகள் வந்திருந்தன. தொழிலாளர்கள், ஷிஃப்ட் பொறுப்பாளர்கள் எல்லோரும் பச்சை. ஆலோசகருக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்படி ஒரு ஹார்மனியை நான் எந்த ஃபேக்டரியிலயும் பாத்ததில்ல சார்!"

பொது மேலாளர் ஒட்டன்சத்திரத்துக்காரர். எதையும் தன்மையாகவே பேசுவார். அதனாலேயே அவரிடம் கோபப்படுவது கடினம். "நம்ம சனங்க அப்படித்தானுங்க. வம்பு தும்புக்குப் போக மாட்டாங்க" என்றார் பூரிப்போடு.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முந்தின வாரம்தான், சாப்பாட்டுக் கூடத்து மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக இரண்டு பிரிவுகள் டிபன் பாக்ஸ் மூடிகளை எறிந்து சண்டை போட்டிருந்தன. எறிந்தவர்களும் பச்சை, எறி வாங்கியவர்களும் பச்சை.

ஒரே ஒருத்திக்குத்தான் சிவப்பு. பகல் ஷிஃப்ட் பொறுப்பாளர் ரமிஜா.

ரமிஜா பேகம்பூரிலிருந்து மில் பேருந்தில் வருகிறவள். வயது நாற்பதை ஒட்டி. இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி செருகியிருக்கும். அது எதற்கென்று சொல்ல வேண்டும். பஞ்சைச் சீவும் கார்டிங் இயந்திரத்தின் கதவைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்பதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஒவ்வொரு முறையும் நின்றால் உற்பத்தி குறையும் என்று, அந்தச் சுவிட்சை அமுக்கி நூலால் கட்டி வைத்துவிடுவார்கள். கதவு திறந்திருந்தாலும் உள்ளே உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். ரமிஜா ஷிஃப்டுக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் வேலை அந்த நூலை அறுப்பதுதான். அறுத்துவிட்டு, கட்டியவன் யாரென்று கேட்டு, அந்தக் கட்டடமே அதிரும்படி ஏசுவாள். பராமரிப்புப் பிரிவு அவள் மீது கொடுத்த புகார்கள் என் மேசையில் குவிந்து கிடந்தன.

சிவப்பு வந்த அன்று அவளை அழைத்தேன்.

"என்ன ரமிஜா, எப்படி அமுக்குனே?"

"சண்டை போடுவியான்னு கேட்டுச்சு மேடம். போடுவேன்னு அமுக்குனேன். மேலதிகாரி சொன்னா மறுபேச்சு இல்லாமக் கேப்பியான்னு கேட்டுச்சு. அவரு என்ன சொல்றாருங்கறதப் பொறுத்ததுன்னு எழுத எடமில்ல. அதான் 'இல்லை'ன்னு அமுக்குனேன்."

"மத்தவங்கல்லாம் வேற மாதிரி அமுக்கியிருக்காங்களே."

"அவளுக அமுக்குனதுக்கு நானா மேடம் பொறுப்பு? இருக்கறதக் கேட்டாக, இருக்கறதச் சொன்னேன். பொய் சொல்லணும்னா மொதல்லயே சொல்லியிருக்கணும்ல!"

புதிய பிரிவின் அணியில் அவள் பெயர் இல்லை. இருந்த பொறுப்பும் போனது. கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆலோசகரின் அறிக்கையில் காரணம் ஒரே வரிதான்: அணியின் இணக்கத்துக்கு ஊறு விளைவிக்கும் ஆளுமை.

எல்லோரும் பச்சையானது எப்படி? அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் பெண்களோடு போய் உட்கார்ந்தேன். நத்தம் பக்கத்து வசந்தி, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தை என் தட்டில் தள்ளியபடி சிரித்தாள். புதிய பிரிவுக்குத் தேர்வானவர்களில் அவளும் ஒருத்தி.

"இதென்ன கேள்வி மேடம்? ஆடிட்டுக்கு எப்படிப் பதில் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியாதா?"

"இது ஆடிட் இல்லயே வசந்தி."

"டேப்லெட்ட எடுத்துட்டு, டை கட்டிக்கிட்டு, மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆளு வந்தா அது ஆடிட்டு இல்லாம வேறென்ன?"

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், தொழிலாளரை மில் ஒழுங்காக நடத்துகிறதா என்று பார்க்க ஆட்களை அனுப்பும். அதுதான் ஆடிட். அவர்கள் வருவதற்கு முந்தின நாள், அதற்கென்றே நியமிக்கப்பட்ட ஓர் அதிகாரி தொழிலாளர்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பார். குறை உண்டா என்றால் இல்லை. சண்டை உண்டா என்றால் இல்லை. மேலதிகாரி எப்படி என்றால் தங்கம். ஆண்டுக்கணக்காகப் பழகிய பதில்கள் அவை. டேப்லெட்டைக் கையில் வாங்கியதும் அந்த விரல்கள் தானாகவே அந்தப் பதில்களைத் தேடிப் போயின. ஆலோசகர் கண்டெடுத்துக் கொண்டாடிய ஒற்றுமை, பயத்தின் மனப்பாடம்.

ரமிஜாவுக்கு மட்டும் அந்தப் பாடம் ஏன் தெரியவில்லை? ஆடிட் வரும் நாளும் அதற்கு முந்தின நாளும் அவளுக்கு லீவு கொடுத்துவிடுவார்கள். அவள் உள்ளதைச் சொல்லிவிடுவாளே! பாடம் நடக்கும்போதும் அவள் இருந்ததில்லை, பதில் சொல்லும்போதும் இருந்ததில்லை. மில்லில் அந்தக் கேள்விகளைக் கேள்விகளாக எண்ணிப் பதில் சொன்னது அவள் ஒருத்திதான். அதற்குத்தான் கிடங்கு.

இதை அப்படியே போய்ப் பொது மேலாளரிடம் சொன்னேன். ஆலோசகரும் இருந்தார்.

"ஆன்சர்ஸ் எதுவா இருந்தாலும் பேட்டர்ன் பொய் சொல்லாது மேடம்" என்றார் ஆலோசகர்.

"எல்லாரும் ஒத்துமையா இருக்காங்கன்னு ரிப்போர்ட்டு சொல்லுதுங்க. அதுல உங்களுக்கு என்னங்க வருத்தம்?" என்றார் பொது மேலாளர், உண்மையிலேயே புரியாமல்.

நான் சொன்னது எடுபடவில்லை. ஆவணியில் புதிய பிரிவு திறந்தது. பச்சை நாடாக்கள் வரிசையாக நிற்கும் படத்தை மில்லின் வரவேற்பறையில் மாட்டினார்கள்.

இந்த இடத்தில் செத்த நேரம் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். அந்தக் கருவி மேல் எனக்குக் கோபமில்லை. ஆலோசகர் வருவதற்கு முன்பே, அதே மாதிரியான ஒரு கேள்வித்தாளைப் பராமரிப்புப் பிரிவில் நானே கொடுத்துப் பார்த்தேன். இரண்டு எலக்ட்ரீசியன்கள் பல மாதங்களாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். ஒருவர் மின்சாரத்தை நிறுத்தியது இன்னொருவருக்குத் தெரியாமல் போகிற அளவுக்கு முற்றியிருந்தது. முடிவை அவரவர் கையில் மட்டும் கொடுத்தேன். இது நீங்கள்தானா, எது சரி, எது தப்பு, நீங்களே சொல்லுங்கள் என்றேன். எந்த நகலும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அறைக்கு வெளியே மேலதிகாரி யாரும் நிற்கவில்லை. ஒருவர் தன் தாளை வாசித்தார்: யோசித்த பிறகே பேசுபவர் என்று இருந்தது. மற்றவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அடப்பாவி, நான் ஏதாச்சும் கேட்டா நீ பேசாம நிப்பியே, அது யோசிக்கிறதா? மதிக்காம நிக்கிறேன்னுல்ல நெனச்சேன்!"

"நீ எங்கய்யா யோசிக்க விட்ட? ஒரு கேள்விக்குப் பதில் சொல்றதுக்குள்ள ஒம்பது கேள்வி கேப்ப."

அன்று மாலை இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். இதற்கு ஏதாவது பயன் உண்டென்றால் அது இவ்வளவுதான்: பேச்சைத் தொடங்கிவைக்கும். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்ல ஒரு சாக்குத் தரும். அதை எடுத்து ஆட்களைச் சலிக்கும் சல்லடையாக்கினால், சல்லடைக்குப் பயந்தவர்களின் பதில்தான் உங்களுக்குக் கிடைக்கும். இதைப் புரிந்துகொள்ள எந்தப் பட்டமும் வேண்டாம். இணங்கிப் போகிறவர்களை மட்டும் சேர்த்து அணி அமைத்தால், தப்பு நடக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள் என்று கேட்டுப் பார்க்கும் புத்தி இருந்தால் போதும்.

ஐப்பசியில் அது நடந்தது. புதிய பிரிவில் பகல் ஷிஃப்ட், வெளியே மழை. கார்டிங் இயந்திரத்தின் கதவைத் திறந்து, சிக்கிய பஞ்சை எடுக்கக் கையை விட்டாள் வசந்தி. இயந்திரம் நிற்கவில்லை. சுவிட்ச் நூலால் கட்டப்பட்டிருந்தது. வலக்கையில் இரண்டு விரல்களின் நுனி போனது.

திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் அவளைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்தாள். கழுத்தில் அந்தப் பச்சை நாடா. கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"சுவிட்சக் கட்டியிருந்தது தெரியாதா வசந்தி?"

"தெரியும் மேடம். தெறந்த நாள்ல இருந்தே கட்டித்தான் இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சொன்னா ஒத்துப் போகாதவன்னு நாடாவ மாத்திருவாக. ரமிஜாக்காவுக்கு ஆனதப் பாத்தோம்ல."

நான் நாடாவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கே வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

மறுநாள் பிற்பகல் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதாகத் தகவல். அதற்கு முன் விபத்து அறிக்கையில் நான் கையெழுத்திட வேண்டும். பொது மேலாளரின் அறைக்குப் போனால், அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. ஆலோசகர் அனுப்பிய பக்கம் ஒன்றும் கூடவே இருந்தது. 'பச்சை நிறத்தவர்கள் பரபரப்பான சூழலில் கவனம் சிதறக்கூடியவர்கள்.' அந்த வரிக்கு மஞ்சள் மையில் கோடு போட்டிருந்தார்கள்.

"இதை ஒரு வரியாச் சேத்துட்டாப் போதுமுங்க மேடம்" என்றார் பொது மேலாளர். "அந்தப் புள்ளையோட சுபாவம் அப்படின்னு ஆயிருமுங்க. யாரு மேலயும் பழி வராது."

"அவ மேல வருதே சார்."

"ஏனுங்க, நாம ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்களே. பரீட்சை சொல்லுது, நாம எழுதறோம்."

ஆடியில் புகழ்ச்சியாக இருந்த நிறம் ஐப்பசியில் குற்றமாகிவிட்டது. நிறம் மாறவில்லை. தேவை மாறிவிட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு பிற்பகல் வரும். வெளியே வண்டிச் சத்தம் கேட்கும், எதிரே மரியாதையாகப் பேசும் ஒருவர் இருப்பார், பேனா உங்கள் கையில் இருக்கும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்தத் தாளில் இருப்பது அந்த இடத்தில் நடந்ததா, இல்லை ஒரு மனுஷியைப் பற்றிய வர்ணனையா?

"சுவிட்சை நூலால கட்டுனது எந்த நிறம் சார்?" என்று கேட்டேன்.

அவர் தட்டச்சுத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"விபத்துக்குக் காரணம் நூல். சுபாவம் இல்ல. நான் நூலைப் பத்தித்தான் எழுதுவேன்."

"ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்குங்க உங்களுக்கு இந்த ரோதனை?" குரல் அப்போதும் உயரவில்லை.

"ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இதை நெனச்சுக்கிட்டு உக்கார முடியாது சார். அதுக்குத்தான்."

தட்டச்சுத் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு, என் அறைக்கு வந்து கையால் எழுதினேன். பிரிவு திறந்த நாளிலிருந்து சுவிட்ச் கட்டப்பட்டிருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சொன்னால் பொறுப்புப் போகும் என்ற பயத்தில் யாரும் சொல்லவில்லை. வசந்தியின் குணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆய்வாளர் கையில் அதையே கொடுத்தேன். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை பொது மேலாளர் என்னோடு வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

சுவிட்சுகளைச் சரிசெய்யவும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்கவும் உத்தரவு வந்தது. புதிய பிரிவின் அணியைக் கூட்டி, யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று கேட்டார்கள். வரிசையாக நின்ற பச்சை நாடாக்கள் தரையைப் பார்த்தன. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"ரமிஜாக்கா இருந்திருந்தா அந்த நூல அன்னிக்கே அறுத்திருக்கும்."

சொன்னது யாரென்று திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் ரமிஜாவைத் திரும்ப எடுக்க முடிவானது. அதிலும் ஒரு சிக்கல். சிவப்பை அந்த அணியில் சேர்க்கக் கூடாதென்று ஆலோசகரின் முறை சொல்கிறது. முறையை எழுதியவர்கள் முறையை மீறினால் முகம் என்னாவது? ஆகவே அவள் மறுபடி தேர்வு எழுதட்டும், நிறம் மாறினால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு விரல் நுனியைக்கூடத் திருப்பித் தர முடியாதவர்களுக்கு நிறத்தின் மேல் இருந்த பக்தி அப்படி.

கிடங்குக்கு நானே போய்ச் சொன்னேன். பஞ்சுத் தூசி படிந்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நெசத்தச் சொன்னா வேல இல்ல. அதானே மேடம் விசயம்?"

"எழுத வேணாம்னு நெனச்சாச் சொல்லு. நான் மறுபடி சண்டை போடறேன்."

"நீங்க சண்ட போட்டு முடியறதுக்குள்ள இன்னொருத்தி விரலு போயிரும்." கையை நீட்டினாள். "அந்தக் கருமத்தக் கொண்டாங்க."

என் எதிரிலேயே உட்கார்ந்து அமுக்கினாள். கேள்விகளைப் படிக்கவே இல்லை. குறை இல்லை, சண்டை இல்லை, எப்போதும் இணங்குவேன், மேலதிகாரி தங்கம். யாரும் சொல்லித் தராத பாடத்தைக் கிடங்கு சொல்லித் தந்திருந்தது. திரை முழுக்கப் பச்சை மலர்ந்தது. பாராட்டு வாசகம் ஒன்றும் வந்தது. டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள்.

"இப்ப நான் நல்லவளா மேடம்?"

நான் டேப்லெட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். அந்த மில்லில் உள்ளதைச் சொன்ன ஒரே ஒரு பதிலையும் அழித்துவிட்டு, எல்லோரும் பச்சை என்று அவர்கள் கோப்பை மூடினார்கள். ஆலோசகர் அதை வளர்ச்சி என்று எழுதினாராம். சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்த தொழிலாளி என்று வேறு ஊர்களில் பேசுகிறாராம்.

கார்த்திகை முதல் நாள் ரமிஜா புதிய பிரிவுக்குள் நுழைந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். உத்தரவு வந்து, சரிசெய்து, கையெழுத்தாகி முடிந்திருந்தும் கடைசி இயந்திரத்தில் சுவிட்ச் மறுபடி கட்டப்பட்டிருந்தது. புது நூல். அவள் கத்தரியை உருவி அதை அறுத்தாள். இயந்திரம் நின்றது. அடுத்த நொடி அந்தக் கட்டடமே அதிர்ந்தது.

"ஏலே, எவன்லே கட்டுனது? இங்கிட்டு வாலே! அந்தப் புள்ள கையப் பாத்தப்பறமும் கட்டுறியே, நீ சோத்தத்தான் திங்கிறியா?"

கையில் கத்தரியோடு, கழுத்தில் புத்தம் புதுப் பச்சை நாடா ஆட ஆட, அவள் கத்திக்கொண்டிருந்தாள். மற்ற பச்சை நாடாக்களில் ஒன்று மெல்ல நகர்ந்து அவள் பக்கத்தில் போய் நின்றது. பிறகு இன்னொன்று.

உங்கள் மேசைக்கு வரும் கோப்பில் ரமிஜாவைப் போல யாரோ ஒருத்தி இணக்கமானவள் என்று எழுதியிருக்கும். கோப்பை மூடிவிட்டு எழுந்து போங்கள். அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போய் அவள் கத்துவதைக் கேளுங்கள். கத்தல் எதுவும் கேட்கவில்லை என்றால், முதலில் சுவிட்சைப் பாருங்கள்.